காக்கி ரவிக்கையும் புதன்கிழமை விமானமும்

நான் விமானக் கண்காணிப்புத் தொண்டர் படையில் சேர்ந்தது தேசத்தைக் காப்பாற்றுவதற்காக இல்லை. இன்னொரு முறை கப்பலில் ஏறக்கூடாது என்பதற்காக.

கல்யாணமான கையோடு மெட்ராஸில் கப்பலேறி, நாலு நாள் வாந்தியெடுத்து, போர்ட் பிளேயரில் வந்து இறங்கினேன். இறங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. என் வீட்டுக்காரர் ஒரு கையையும் கப்பல் கலாசி ஒருவர் இன்னொரு கையையும் பிடித்து இறக்கிவிட்டார்கள். ஜெட்டியில் கால் பட்டதும், "இனிமே செத்தாலும் கப்பல்ல ஏற மாட்டேன்" என்றேன். புதுப்பெண் பேச்சு என்று அவர் சிரித்தார். ஐந்து வருஷம் ஆன பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

ஐந்து வருஷமும் நான் அப்பாவைப் பார்க்கவில்லை. அப்பா திருநெல்வேலிப் பக்கம் ஒரு லெவல் கிராசிங்கில் கேட்கீப்பர். அம்மா என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டாள். ஒற்றை மகள் நான். அப்பாவுக்கோ லீவு என்பதே பிடிக்காது. ரயில் வராத நேரத்திலும் கேட்டை விட்டு நகர மாட்டார். கையில் பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, பலகையில் ஒரு நோட்டு. எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது என்று எழுதுவார். நான் பிறந்த நேரம்கூட அந்த நோட்டில்தான் இருக்கிறது, மேலே ஒரு பாசஞ்சருக்கும் கீழே ஒரு கூட்ஸுக்கும் நடுவில். அவரைப் பார்க்க எனக்கு ஏக்கமாகத்தான் இருந்தது. அதற்காகக் கப்பலில் ஏற முடியுமா? முடியாது. எனக்குப் பிடிவாதம் அதிகம் என்று சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நாங்கள் குடியிருந்தது பாம்பூஃப்ளாட்டில். துறைமுகத்துக்கு இந்தக் கரை. என் வீட்டுக்காரர் தினமும் ஃபெர்ரியில் அக்கரை போய் சாத்தாமில் மரம் அறுக்கிற வேலை பார்த்தார். நான் வீட்டில் ரவிக்கை தைத்தேன். ஒரு நாள் ஃபெர்ரி ஜெட்டியில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். சண்டை வரலாம் என்று பேச்சு அடிபட்ட காலம் அது. தீவுக்கு மேலே அன்னிய விமானம் ஏதாவது பறக்கிறதா என்று பார்த்துச் சொல்லத் தொண்டர்கள் வேண்டும். பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும், கண் நன்றாகத் தெரிய வேண்டும், குன்று ஏற வேண்டும். சம்பளம் கிடையாது. கடைசி வரி இது: ஒரு வருஷம் முடிந்ததும் யாருடைய பதிவு பிழையில்லாமல் இருக்கிறதோ, அந்த ஒரு தொண்டருக்குக் கல்கத்தா போக விமானத்தில் ஓர் இடம்.

அந்த வரியை மூன்று தடவை படித்தேன். அதற்குள் ஃபெர்ரி போய்விட்டது.

"ஏட்டி, அது ஆம்பளையளுக்குப் போட்டது" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்படின்னு எங்க எழுதியிருக்கு? காட்டுங்க."

மறுநாள் வேலைக்குப் போகும்போது நின்று தேடியிருக்கிறார். எழுதியிருக்கவில்லை.

ஆள் எடுக்க மெயின்லேண்டிலிருந்து ஓர் ஆபீசர் வந்தார். விமானங்களின் நிழலுருவத்தைக் கறுப்பு மையில் அச்சடித்த அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, மடக்கிவிட்டு, மறுபடி கலைத்துக் காட்டி, முன்பு பார்த்தது எது என்று கேட்டார். எனக்கு முன்னால் போன ஆண்களுக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தது. எனக்கு அப்படி இல்லை. ரவிக்கைக் கை எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே குறுகுகிறது, எவ்வளவு சாய்வாக வெட்டியிருக்கிறது என்று ஒரு தரம் பார்த்தால் எனக்கு மறக்காது. விமான இறக்கையும் அப்படித்தான் வெட்டியிருந்தார்கள். இருபது அட்டையும் சரியாகச் சொன்னேன். ஆபீசர் என் விண்ணப்ப ஃபாரத்தை எடுத்து, என்ன தொழில் என்று கேட்டார். ரவிக்கை தைப்பேன் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து, 'டெக்னிகல்' என்று எழுதினார்.

ஆண்களுக்குக் காக்கிச் சட்டையும் கால்சட்டையும் கொடுத்தார்கள். எனக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் மூன்று கெஜம் காக்கித் துணியைக் கொடுத்தார்கள். நான் ரவிக்கையாகத் தைத்து, வெள்ளைப் புடவைக்குப் போட்டுக்கொண்டேன். அந்தமானிலேயே காக்கி ரவிக்கை போட்ட முதல் பெண் நான்தான் என்று என் வீட்டுக்காரர் ஃபெர்ரியில் எல்லாரிடமும் சொன்னார். பெருமையாகச் சொன்னாரா வேறு மாதிரியா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

எங்கள் காவல் பாம்பூஃப்ளாட்டுக்குப் பின்னால் ஒரு குன்றின் மேல். தகரக் கூரை, ஒரு மேஜை, ஒரு பைனாகுலர், ஒரு டெலிபோன், ஒரு பதிவேடு. ஒவ்வொரு மணிக்கும் வானத்தைப் பார்த்துவிட்டு எழுத வேண்டும். எத்தனை விமானம், எந்தத் திசை, எவ்வளவு உயரம், என்ன நேரம். ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்று எழுத வேண்டும். நாங்கள் பெரும்பாலும் ஒன்றுமில்லை என்றுதான் எழுதினோம். வாரம் முழுவதும் தீவுக்கு வருகிற விமானமே ஒன்றுதான். புதன்கிழமை கல்கத்தாவிலிருந்து வருவது.

காவலுக்குத் தலைவர் ஒரு சர்க்கார் ஆபீசின் ஹெட் கிளார்க். எல்லாரும் படா பாபு என்று கூப்பிடுவார்கள். புதன்கிழமைகளில் என்னோடு இருந்த இன்னொரு தொண்டர், ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து வந்து பாம்பூஃப்ளாட்டில் மளிகைக்கடை வைத்திருந்த பாய். தங்கமான மனுஷர். என்னைத் தங்கச்சி என்பார். கடையில் யாராவது அவரைத் தேடும்போது மட்டும் குன்றின் மேல் தேசசேவை ஞாபகம் வரும் அவருக்கு.

இப்போது எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். புதன்கிழமை விமானம் என்றால் எங்களுக்கு விமானம் இல்லை, தபால். சத்தம் கேட்டதும் தமிழர், பெங்காலி, மலையாளி, தெலுங்கர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் ஃபெர்ரிக்கு ஓடுவார்கள். அன்றைக்கு மட்டும் ஃபெர்ரிக்காரர் கடிகாரம் பார்க்க மாட்டார். விமானச் சத்தம் கேட்டுத்தான் கிளப்புவார். அக்கரையில் தபாலாபீஸ் வராந்தாவில் நின்று பெயர் பெயராகக் கூப்பிடுவார்கள். போக முடியாதவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் யாராவது வாங்கி வந்து கொடுப்பார். விமானம் வந்த நேரத்தில் வீட்டில் இருந்தவன் ஒன்று நோயாளி, இல்லை கடன்காரன்.

இதில் சிக்கல் என்னவென்றால், வானத்தைப் பார்க்கிற எங்கள் தொண்டர்களும் ஓடினார்கள். வாரம் முழுக்கக் கொசுக்கடியில் உட்கார்ந்து ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று எழுதுவார்கள். நிஜமாகவே ஒரு விமானம் வந்ததும் குன்றைக் காலி செய்துவிடுவார்கள்.

"சலோ, சலோ! சிட்டி ஆ கயா!" என்று, கடிதம் வந்துவிட்டதென்று கத்திக்கொண்டே படா பாபுதான் முதலில் இறங்குவார். அவருக்குத் தொப்பை உண்டு. அன்றைக்குத் தொப்பை தெரியாது.

"தங்கச்சி, நீ வரலியா?" என்பார் பாய்.

"நான் வந்துட்டா யாரு எழுதுறது?"

"சாயங்காலம் எழுதிக்கலாமே!"

"பார்க்காததை எப்படி எழுதுறது பாய்?"

"சரி விடு, உன் கடுதாசிய நான் வாங்கிட்டு வாரேன்" என்று அவரும் ஓடுவார். ஒரு வாரமும் தவறாமல் வாங்கி வந்தார். ஒரு வாரம் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் ஒருத்தி நின்று, பைனாகுலரில் பார்த்து, திசை, உயரம், நேரம் எழுதுவேன். விமானத்தில் ஓர் இடம் கிடைக்கும் என்பதற்காகத்தான். ஆனால் அது மட்டும் இல்லை. கேட்டை விட்டுப் போகிறது என்பது எங்கள் வீட்டில் கிடையாது.

படா பாபு புத்திசாலி. எப்படியும் புதன்கிழமை ஒரு விமானம் வரும், எப்படியும் தபாலுக்கு ஓட வேண்டும் என்பதால், காலையில் நாஷ்தா சாப்பிடுவதற்கு முன்பே பதிவேட்டில் எழுதிவைத்துவிடுவார். விமானம் ஒன்று, வடக்கிலிருந்து தெற்கே, நடுத்தர உயரம். மழைக்காலத்தில் ஒரு புதன்கிழமை காலையிலேயே வானம் இடிந்து விழுகிற மாதிரி மழை. விமானம் வரவில்லை. சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்து, அவர் எழுதியதற்குக் கீழே, 'மேலே எழுதியுள்ள விமானம் வரவில்லை' என்று எழுதி என் பெயரைப் போட்டேன்.

மறுநாள் அதைப் பார்த்துவிட்டு மனுஷருக்கு முகம் சிவந்துவிட்டது. "அரே பஹன்ஜி! ஒரு விமானம் வந்ததாக இருந்தால் உனக்கு என்ன நஷ்டம்?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"வரலையே, பாபுஜி."

"அடித்துவிடு."

"அடிக்க மாட்டேன்."

இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. குன்றின் மேல் இரண்டு பேர் பேசாமல் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பது அவ்வளவு சுலபமில்லை. நானும் பேசவில்லை.

வருஷம் முடிந்ததும் அதே ஆபீசர் வந்து எல்லாக் குன்றுகளின் பதிவேடுகளையும் வாங்கிப் பார்த்தார். அந்த மழைப் புதன்கிழமை விமானம் கல்கத்தாவிலிருந்தே கிளம்பவில்லை. ஆனால் எல்லாக் குன்றுகளுக்கு மேலேயும் அது பறந்திருந்தது. ஒரு குன்றில் இறக்கையில் வெயில் பட்டு மின்னியதாகக்கூட எழுதியிருந்தார்கள். எங்கள் குன்றில் மட்டும், வந்ததற்குக் கீழே, வரவில்லை என்று இருந்தது.

திங்கட்கிழமை ஆள் அனுப்பிச் சொன்னார்கள், விமான இடம் எனக்கு என்று. புதன்கிழமை பயணம். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். திரும்பி வருவதைப் பற்றி நோட்டீஸில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்பாவுக்குத் தகவல் சொல்ல வேண்டுமே? கடிதம் போட்டால் அதுவும் அதே புதன்கிழமை விமானத்தில்தான் போகும். போட்டேன். நானும் என் கடிதமும் ஒன்றாகப் போவதாக ஏற்பாடு. தந்தி அடிக்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். எங்கள் ஊரில் தந்தி வந்தால் செத்துப்போனது யார் என்று மட்டும்தான் கேட்பார்கள். தந்தியைப் பார்த்தே அப்பா விழுந்துவிட்டால்? வேண்டாம் என்றேன்.

புதன்கிழமை காக்கி ரவிக்கை போட்டுக்கொண்டுதான் விமானம் ஏறினேன். வாந்தி வரவில்லை. விமானம் கடலுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி வடக்கே திரும்பியது. கீழே பார்த்தேன். தெற்கிலிருந்து துறைமுகத்தைப் பார்த்து மெட்ராஸ் கப்பல் வந்துகொண்டிருந்தது, தீப்பெட்டி அளவுக்கு. பழக்க தோஷம், கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதினேன்: கப்பல் ஒன்று, தெற்கிலிருந்து வடக்கே, புகை உண்டு. பாவம், எத்தனை பேர் வாந்தியெடுத்துக்கொண்டிருக்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் கர்வமாகத்தான் நினைத்தேன்.

கல்கத்தாவிலிருந்து ரயில், மெட்ராஸிலிருந்து இன்னொரு ரயில். ஞாயிற்றுக்கிழமை ஊரில் போய் இறங்கினேன். வீடு பூட்டியிருந்தது. கேட்டுக்குப் போனேன். பச்சைக் கொடியோடு புதிதாக யாரோ நின்றிருந்தான்.

பக்கத்து வீட்டு அத்தை வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "அடி ஆத்தீ! நீ என்னட்டி இங்கன நிக்க?"

"அப்பா எங்க அத்தே?"

"ஒங்கப்பன் வேலைலேர்ந்து ரிட்டேராயிட்டாருல்லா! ஒன்னப் பாக்கணும்னு அந்தமானுக்குக் கப்பலேறிப் போயிருக்காரு. ஒனக்குக் காயிதம் போட்டுட்டுத்தான போனாரு? வரலியா?"

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, கப்பல் ஒன்று, தெற்கிலிருந்து வடக்கே, புகை உண்டு என்று எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. பார்க்கத் தெரியும், பார்க்கத் தெரியும் என்று ஒரு வருஷம் குன்றின் மேல் உட்கார்ந்திருந்தவள்.

மறுநாள் தபால்காரர் தந்தியோடு வந்தார். அதை அவர் கையில் பார்த்ததுமே அத்தை தலைமுடியை அவிழ்த்துப் போட்டு ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள். தெருவே கூடிவிட்டது. தபால்காரர் அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தி இங்கிலீஷைத் தமிழாக்கிப் படிக்க வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் அடித்திருந்தார்: 'மாமா இங்கே சௌக்கியம். அதே கப்பலில் திரும்புகிறார். வியாழன் மெட்ராஸ் துறைமுகத்தில் இரு. நீயும் அதிலேயே வா.' கடைசி வரியை அவர் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பார். எனக்குத் தெரியும். அத்தை மூக்கைச் சிந்திவிட்டு, சௌக்கியம் என்பதற்கெல்லாம் எதற்குத் தந்தி என்று தபால்காரரிடம் சண்டைக்குப் போனாள்.

வியாழக்கிழமை மெட்ராஸ் துறைமுகத்தில் நின்றேன். கப்பலிலிருந்து வந்தவர்களெல்லாம் காய்ந்த கருவாடு மாதிரி இறங்கினார்கள். அப்பா தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, தோள் மேல் பச்சைத் துண்டோடு, தானாகவே நடந்து வந்தார். ஐந்து வருஷத்தில் முடி நரைத்திருந்தது. ஆனால் கன்னம் பூசியிருந்தது.

"நான் வாந்தி எடுக்கலட்டி" என்றார் முதலில்.

நான் அவர் காலில் விழுந்தேன். அழுதேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சங்கதியெல்லாம் சொன்னார்.

நான் விமானம் ஏறியதற்கு முந்தின புதன்கிழமை, விமானம் வந்து இறங்கிய பிறகு நல்ல மழை. தபாலாபீஸில் எனக்கு அப்பா போட்ட கடிதத்தை வாங்கிய பாய், நனையக்கூடாதென்று காக்கிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துப் பொத்தான் போட்டிருக்கிறார். கடையில் அரிசி மூட்டை நனைகிறதென்று ஓட்டமாக ஓடி, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியவர் மறந்தேபோனார். அந்தச் சட்டையை அவர் போடுவது புதன்கிழமை மட்டும். அடுத்த புதன்கிழமை குன்றில் நின்று என் விமானத்துக்குக் கையாட்டிவிட்டு, பீடி எடுக்கப் பையில் கைவிட்டபோது கடிதம் தட்டுப்பட்டிருக்கிறது. ஒரு வருஷத்தில் ஒரே ஒரு நாள், எல்லாரையும்போல நானும் கேட்டை விட்டு ஓடியிருந்தால் அந்தக் கடிதம் என் கையில் இருந்திருக்கும்.

"அந்த பாய் எங்கையப் புடிச்சிக்கிட்டு அழுதாரு, பாத்துக்கோ. நாலு நாளும் அவரு வீட்டு மீன்கொழம்புதான். ஒம் மாப்பிள்ளைக்கு ரசங்கூட வைக்கத் தெரியலியே?"

"குன்றுக்குப் போனீங்களா யப்பா?"

"போனேன். ஒரு தொப்பக்காரரு ஒன் நோட்டக் காட்டுனாரு. ஒரு மணி நேரங்கூட விட்டுப்போகல. நல்லாத்தான் எழுதியிருக்க." அப்பா என்னைப் பாராட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கப்பல் அடுத்த நாள் சாயங்காலம் திரும்பப் புறப்படும். செத்தாலும் ஏற மாட்டேன் என்ற எனக்கு அதில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அப்பாவுக்கும் ஒரு டிக்கெட் எடுக்கக் காசு இல்லை; எங்களுக்கு இருந்த நேரம் அவ்வளவுதான். துறைமுகச் சுவரோரம் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம்.

"ஏட்டி, அன்னைக்கு எங்க கப்பலு தொறமுகத்துக்குள்ள நொழையும்போது ஒரு விமானம் மேல போச்சி. இதென்ன விமானம்னு கலாசிகிட்ட கேட்டேன், கல்கத்தாப் போறதுன்னான். நல்லபடியாப் போய்ச் சேரட்டும்னு துண்ட எடுத்து ஆட்டுனேன். பொறவுதான் மாப்பிள்ள சொன்னாரு, நீ அதுக்குள்ள இருந்தன்னு." டீயைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "ஒனக்குத் தெரிஞ்சுதா?"

தீப்பெட்டி அளவுக் கப்பல். புகை.

"தெரிஞ்சுது யப்பா" என்றேன்.

"என்ன கலரு?"

கிளம்பிப் போகிற வண்டிக்கு அவர் வாழ்க்கையில் ஒரே கலர்தான் காட்டியிருக்கிறார். "பச்சை."

அப்பா தலையை ஆட்டினார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த போர்ட்டரிடம், "கேட்டேரா? அவ்வளவு ஒசரத்துலேர்ந்து!" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "எழுதி வச்சியா?" என்றார்.

கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள், கப்பல் ஒன்று என்பதற்குக் கீழே, 'மேல்தளத்தில் ஒருவர், பச்சைத் துண்டு' என்று எழுதினேன். அப்பா நோட்டை வாங்கி, தூரமாகப் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"நேரம் போடலியே" என்றார்.

போட்டேன்.